அறுபதுக்குக் கீழே

“அம்மா, கையை நல்லாத் தேய். இன்னொருக்கா தேய். அந்தத் தாத்தா உள்ள போனதும் நம்மதான்.”

“தேய்ச்சுட்டுத்தான் இருக்கறேன் கண்ணு.”

“காலை இழுத்துட்டு நடக்காத. பழைய அம்மா மாதிரி நட. பாரு, இப்படி.”

ஏழு வயது இதழினி இரண்டு எட்டு நடந்து காட்டினாள். தோள் நிமிர்ந்து, குதிகால் டக்கென்று தரையில் பட, கை இரண்டும் வீசி வீசி. மூன்று வருடத்துக்கு முன் அம்மா எப்படி நடந்தாள் என்பது அவளுக்கு அத்துப்படி. வீட்டில் அந்த நாளைய வீடியோப் படத்தைப் போட்டுப் போட்டு இருவரும் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

நறுமுகை உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வேலை பார்க்கும் பேக்கரியை விட்டுக் கிளம்பும் முன் பத்து நிமிடம் அடுப்புப் பக்கத்தில் நின்று ஏற்றிக்கொண்ட சூடு, பஸ்ஸிலேயே பாதி இறங்கிவிட்டிருந்தது. ஏப்ரல் மாதம். கோயம்புத்தூரே விசிறிக்கொண்டிருக்கிறது. அவள் மட்டும் சுவெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அடுக்ககத்தின் வெளிக்கதவு திறந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கூண்டுக்குள் நடந்தாள். டக், டக், டக். வெளிக்கதவு பின்னால் மூடியது. உள்கதவு இன்னும் திறக்கவில்லை.

“வணக்கம். பெயரைச் சொல்லுங்கள்,” என்றது வாசல்.

“நறுமுகை. ஏழாம் தளம்.” அடிவயிற்றிலிருந்து எடுத்து, மேலே ஏற்றிச் சொன்னாள். கடைசி எழுத்தில் குரல் கரகரத்துவிட்டது. போச்சு.

ஏழு விநாடி. அந்த ஏழு விநாடியும் அவள் மூச்சு விடவில்லை.

“அறுபத்தொரு விழுக்காடு பொருத்தம். வரவேற்கிறோம்.”

உள்கதவு மேலே ஏறியது. இதழினி துள்ளினாள். “ஒண்ணு எச்சும்மா! நேத்தையவிட ஒண்ணு அதிகம்!”

முகத்தையும் குரலையும் கைரேகையையும் யார் வேண்டுமானாலும் அச்சடித்து மாட்டிக்கொள்ளலாம் என்று ஆகிப்போன காலம் அது. பக்கத்து வீட்டுக்காரர் முகத்தோடு திருடன் வந்தான். மகன் குரலில் மோசடிக்காரன் பேசினான். அதனால்தான் வாசல்களில் மெய்யொப்பி வந்தது. அது முகத்தைப் பார்ப்பதில்லை. உடம்பின் சூடு, நாடி, நடை, மூச்சின் நீளம், குரலின் கனம், தோலின் ஈரம் என்று நாற்பது குறிகளைக் கூட்டி, நீங்கள் நீங்கள்தானா என்று கணக்கிட்டுச் சொல்லும். குடிவந்த அன்றைக்கு எடுத்த மூல மாதிரிதான் அளவுகோல். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மாதிரி கிடையாது. அவர்கள் தினமும் மாறிக்கொண்டே இருப்பார்கள் அல்லவா? பெரியவர்கள் மாறக்கூடாது.

நறுமுகை மாறியிருந்தாள். அவள் உடம்பின் காவல் படையே அவள் கழுத்துச் சுரப்பியை அயலான் என்று நினைத்துத் தாக்கிக்கொண்டிருந்தது. தைராய்டு. மாத்திரை சாப்பிட்டாள். ஆனாலும் சீப்போடு முடி வந்தது. புருவத்தின் கடைசிப் பாதியைக் காணவில்லை. காலையில் எழுந்தால் முகம் வீங்கியிருந்தது. போன வாரம் ஒரே கேக்கில் ஒரே பெயரை இரண்டு தடவை எழுதிவிட்டு, முதலாளி வந்து காட்டும்வரை அது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டு முறை வாசல் அவளை ‘அயல்’ என்று சொல்லியாகிவிட்டது. மூன்றாம் முறை சொன்னால் வண்டி வரும். ஊருக்கு வெளியே அடையாளக் காப்பகத்தில் ஆறு மாதம். புது மாதிரி கட்டி முடிக்கிறவரை யாரும் பார்க்க முடியாது. பிள்ளைக்கு அனுமதி இல்லை.

*

“அறுபத்தொண்ணா?” கணவன் எழிலன் கணினியிலிருந்து தலையைத் தூக்கினான். வீட்டிலிருந்தபடியே துணிக்கு வடிவம் போடுகிற வேலை அவனுக்கு. “போன மாசம் வரைக்கும் அம்பது போதும்னு இருந்துச்சு. அதை அறுபதாக்குன சங்கக் கூட்டத்துல நீ ஏன் கையத் தூக்குன?”

“எல்லாரும் தூக்குனாங்க.”

“எல்லாரும் தூக்குனா? உனக்கு ரெண்டு அயல் விழுந்ததாலதான் சென்னியப்பன் அண்ணன் அந்தத் தீர்மானத்தையே கொண்டு வந்தாரு. ‘அம்மிணி, உங்களைச் சொல்லலீங்க, பொதுவாச் சொல்றனுங்க’ன்னு உன்ற மூஞ்சியப் பாத்துட்டே சொல்றாரு. நீயும் கையத் தூக்கிட்டு உக்காந்திருக்கற!”

“நான் ஒருத்தி மட்டும் தூக்காம இருந்தா என்னங்க நெனைப்பாங்க? உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு, அதான் பயப்படறான்னு நெனைக்க மாட்டாங்களா?”

எழிலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சமீபத்தில் அடிக்கடி அப்படிப் பார்க்கிறான். சமையலறையில் திரும்பினால் பார்க்கிறான். தூங்கி எழுந்தால் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. நாளைக்கு டாக்டர்கிட்ட நோய்த் தளர்வு கேளு. காய்ச்சல்காரனுக்கே பத்துப் புள்ளி தர்றாங்க.”

*

டாக்டர் தேவகிருபை திரையை அவள் பக்கம் திருப்பினார்.

“பாருங்க. தைராய்டு அளவு, டி.எஸ்.எச்., கச்சிதம். இப்படியொரு அளவுக்கு நான் பரிசே குடுப்பேன்.”

“எனக்கு நல்லா இல்லீங்க டாக்டர்.”

“தெரியுதும்மா.”

“படியேறுனா உக்காந்துக்கறேன். பேசிட்டிருக்கறப்பவே வார்த்தை காணாமப் போயிருது. குளிருது. நேத்து என்ற மாமியார் பேரு ஞாபகம் வரலீங்க. நீங்க சொன்ன மாதிரிதான் மாத்திரை போடறேன். வெறும் வயித்துல போட்டுட்டு முக்கா மணி நேரம் காப்பிகூடக் குடிக்காம உக்காந்திருக்கறேன்.”

“நம்பறேன். அளவு சரியானாலும் சில பேருக்கு இந்தச் சோர்வு விடறதில்ல. ஏன்னு எங்களுக்கு முழுசாத் தெரியல. அதுதான் உண்மை.”

“அதையே எழுதிக் குடுங்க. வாசல்ல காட்டறேன்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

“மெய்யொப்பிக்கு நம்பர்தாம்மா புரியும். அளவு கெட்டிருந்தா அஞ்சே நிமிஷத்துல தளர்வு வாங்கித் தந்திருப்பேன். நார்மல்னு வந்துருச்சே! நான் அனுப்பினா அது என்ன சொல்லும் தெரியுமா? இவருக்கு அளவு சரியா இருக்கு, உடம்பு மட்டும் மாறியிருக்கு. அப்படீன்னா இது நோயில்ல, வேற ஆளுன்னு சொல்லும். ஏற்கெனவே ஒருத்தருக்கு அனுப்பிப் பார்த்தேன்.”

“அவங்க?”

“காப்பகத்துல இருக்காங்க.”

நறுமுகை கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலருகே நின்று திரும்பினாள். “நான் நான்தானுங்களா டாக்டர்?”

“என்னம்மா கேள்வி இது!” என்றார் டாக்டர். ஆனால் சிரிப்பதற்கு முன் ஒரு கணம் திரையைப் பார்த்துக்கொண்டார். அதை அவள் கவனித்துவிட்டாள்.

*

அன்றைக்குத்தான் அந்தத் தப்பைச் செய்தாள். ஒரு மாத்திரைக்கு ஒரு சூடு என்றால் இரண்டு மாத்திரைக்கு இரண்டு சூடு என்பது அவள் கணக்கு. டாக்டரிடம் கேட்கவில்லை. எழிலனிடம் மூச்சு விடவில்லை. தினமும் இரண்டாக விழுங்கத் தொடங்கினாள்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் சுவெட்டரைக் கழற்றினாள். “பாத்தீங்களா!” என்று எழிலனிடம் கையை நீட்டினாள். கை சூடாகத்தான் இருந்தது. விரல் நுனி மட்டும் லேசாக ஆடியது. மூன்றாம் வாரம் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் படபடத்தது. சோர்வோ போகவில்லை. அது அப்படியே அடியில் கிடக்க, அதன் மேலே ஒரு பரபரப்பு ஏறி உட்கார்ந்துகொண்டது. கேக்கின் மேல் க்ரீமால் பூப்போட முடியவில்லை. “என்னம்மா, பூவா பூகம்பமா?” என்றார் முதலாளி.

வீட்டில் அந்தப் பழைய படத்தை ஓடவிட்டுப் பார்ப்பாள். பள்ளி விழாவில் சுண்டல் பொட்டலத்தோடு ஓடிவருகிற ஒருத்தி. சிரிப்பு, நடை, அடர்த்தியான முடி. யார் இவள்? அவளைப் பார்க்கப் பார்க்க நறுமுகைக்குப் பயம்தான் வந்தது. வாசல் காத்துக்கொண்டிருப்பது அவளுக்காக. வீடு அவளுடையது. ஒருநாள் அவள் வந்து நின்றால் நறுமுகையைத்தானே வெளியே அனுப்புவார்கள்?

*

ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால். வாசலில் கூட்டம். வேலையிலிருந்து வருகிறவர்கள், நடைப்பயிற்சி முடித்தவர்கள். சங்கச் செயலாளர் சென்னியப்பன் தொப்பியால் விசிறிக்கொண்டு நின்றார். பம்புசெட் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்காம் தளத்து ரோஸ்மேரி அக்கா காய்கறிப் பையோடு நின்றாள்.

ஒத்திகை நடையால் அதுவரை அறுபதைத் தொட்டுத் தப்பித்து வந்த நறுமுகை, அன்று கால் பின்ன இதழினியோடு கூண்டுக்குள் போனாள்.

“வணக்கம். பெயரைச் சொல்லுங்கள்.”

“நறுமுகை. ஏழாம் தளம்.”

ஏழு விநாடி. பிறகு எட்டு. ஒன்பது.

“நாற்பத்தெட்டு விழுக்காடு. அயல். மூன்றாம் பதிவு. குழந்தை உள்ளே வரலாம்.”

உள்கதவு ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்கு மட்டும் திறந்தது. இதழினி அசையவில்லை.

“நான் போக மாட்டேன்.”

“போ கண்ணு. உள்ள போனீன்னாத்தான் அப்பா வருவாரு. ஓடு, அப்பாவைக் கூட்டிட்டு வா.”

பிள்ளை ஓடினாள். கதவு இறங்கியது. “காப்பக வண்டி நாற்பது நிமிடத்தில் வரும். அதற்குள் உறவினர் எவரும் வெளி முன்றிலில் உள்ள சான்றுத் தூணில் உறவுச் சான்று தரலாம்,” என்றது வாசல், பால்காரர் வந்திருக்கிறார் என்று சொல்லும் அதே இனிமையான குரலில்.

எழிலன், வெளியே போக மட்டுமான பக்கவாட்டு வழியாக ஓடிவந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள்.

“என்ன பண்ணுன நீ?”

“மாத்திரையைச் சேத்துப் போட்டுட்டனுங்க. சூடாகட்டும்னு போட்டேன். சீக்கிரம் சான்று சொல்லுங்க.”

சான்றுத் தூண் கேட்டது: “கூண்டில் இருப்பவர் உங்கள் மனைவி நறுமுகைதானா? தவறான சான்றுக்கு உங்கள் அடையாளமும் நீக்கப்படும்.”

எழிலன் தூணைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“என்னங்க!”

“இரு முகை. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நம்ம முதல்முதலாப் போன சினிமாவுக்கு இடைவேளைல என்ன வாங்கித் தந்தேன்?”

அவளுக்கு அது தெரியும். நன்றாகத் தெரியும். கையில் அது இருந்த கனம்கூடத் தெரியும். பெயர் வரவில்லை. மூளைக்குள் பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது.

“வர மாட்டேங்குதுங்க. உங்களுக்குத்தான் தெரியுமே எனக்கு மறக்கும்னு…”

“தம்பி,” என்றார் சென்னியப்பன் மெதுவாக. “மெஷினுக்கு உங்க வீட்டம்மா மேல என்னங்க பகை? நாப்பத்தெட்டுங்கறது சின்ன வித்தியாசமில்லீங்க. அவசரப்படாதீங்கோ. அப்புறம் அந்தப் பொட்டப்புள்ளைக்கு நீங்களும் இல்லாமப் போயிருவீங்க.”

“யோவ், உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?” ரோஸ்மேரி அக்கா காய்கறிப் பையைத் தரையில் போட்டாள். “மூணு வருஷமா என்கிட்ட இட்லிமாவு வாங்கற புள்ளையத் தெரியாதா எனக்கு? எழிலு, நீ சொல்லுடா! நிக்கறாம் பாரு, சினிமாக் கதை கேட்டுக்கிட்டு!”

எழிலன் கண்ணாடியில் நெற்றியை வைத்தான். நறுமுகை இந்தப் பக்கம் அதே இடத்தில் கை வைத்தாள்.

“அவதான்,” என்றான். “என்ற பொண்டாட்டிதான்.” குரல் உடைந்து, வேறு யாரோ பேசுவதுபோல் வந்தது.

தூண் ஏழு விநாடி எடுத்துக்கொண்டது.

“சான்றாளரின் பொருத்தம் ஐம்பத்து மூன்று விழுக்காடு. நாடியும் குரலும் மாதிரியோடு இணையவில்லை. அயல். சான்று ஏற்கப்படவில்லை.”

“என்னது?” என்றான் எழிலன்.

“ஏனுங், இதென்ன கூத்து?” சென்னியப்பன் முன்னால் வந்தார். “தம்பி படபடப்புல இருக்கறாப்டி, அதான். நகருங்க, செயலாளர் நான் பேசறேன். சென்னியப்பன். இரண்டாம் தளம்.” தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். ஆனால் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

“ஐம்பத்தாறு விழுக்காடு. அயல்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். “அறுபதுன்னு வெச்சது நாந்தானுங்க…”

“பழைய அளவில் ஏற்கப்பட்டிருப்பீர்கள்,” என்றது தூண் மரியாதையாக.

அதன் பிறகு யார் யாரைத் தள்ளினார்கள் என்று தெரியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் தூணுக்கு முன்னால் வந்து பெயரைச் சொன்னார்கள். ரோஸ்மேரி அக்கா கத்தினாள், ஐம்பத்தொன்று. மூச்சிரைக்க ஓடிவந்த கல்லூரிப் பெண் நாற்பத்தொன்பது. ஒவ்வொரு ‘அயல்’ விழும்போதும் அடுத்தவருக்கு வேர்த்தது. வேர்க்க வேர்க்கப் பொருத்தம் குறைந்தது. பயந்த உடம்பு வேறு உடம்பு அல்லவா? அந்த வாசலில் அவர்கள் யாரும் அதுவரை பயந்து நின்றதே இல்லை. அந்த உடம்புகளை அது பார்த்ததே இல்லை.

அரை மணி நேரத்தில் முன்றிலில் நின்ற பதினொரு பேரும் அயலார் ஆகியிருந்தார்கள். இப்போது யாரும் கத்தவில்லை. ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, ஒருவரைவிட்டு ஒருவர் தள்ளித் தள்ளி நின்றார்கள். கல்லூரிப் பெண், “ரோஸ்மேரி ஆன்ட்டி இப்படிக் கெட்ட வார்த்தை பேச மாட்டாங்களே…” என்று யாரிடமோ முணுமுணுத்தாள்.

நறுமுகை கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்கதவுக்கு அந்தப் பக்கம் இதழினியின் மூக்கு கண்ணாடியில் அமுங்கித் தெரிந்தது.

“கூட்டு ஊடுருவல் ஐயம்,” என்று வாசல் அறிவித்தது. “மூல மாதிரிகள் நம்பத்தக்கவை அல்ல. கடந்த இருபது மாலைகளின் அளவீடுகளோடு மட்டும் ஒப்பிடுகிறேன். அனைவரும் அசையாமல் நிற்கவும்.”

பதினொரு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

“இருபது மாலைகளிலும் இன்றைக்கும் ஒரே நாடி, ஒரே வேர்வை, ஒரே நடுக்கத்தோடு இருப்பவர் ஒருவரே. தொண்ணூற்றேழு விழுக்காடு. மன்னிக்கவும், திருமதி நறுமுகை. உள்ளே வாருங்கள்.”

உள்கதவு முழு உயரத்துக்கும் திறந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. என்ன நடந்தது என்று பிடிபட நேரமானது. அவள் தினமும் பயந்தாள். இருபது மாலையும் பயந்தாள். வாசல் அந்தப் பயத்தைப் பார்த்துப் பார்த்து, அதுதான் நறுமுகை என்று படித்துக்கொண்டுவிட்டது. படத்தில் ஓடிவந்த அந்தச் சிரித்த முகத்துக்காரி இன்றைக்கு வந்து நின்றிருந்தால், அவளையும் சேர்த்து வெளியே நிறுத்தியிருக்கும்.

இதழினி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே வந்ததும் கதவு மூடிக்கொண்டது. கால் கூடத்துத் தரையில் பட்டபோது அழுகை வந்தது. பிள்ளையை விட்டுப் போக வேண்டியதில்லை. அது போதும். அது மட்டும் போதும்.

“நறுமுகை!” எழிலன் கண்ணாடியைத் தட்டினான். “அம்மிணி!” என்றார் சென்னியப்பன். தெருமுனையில் காப்பக வண்டியின் நீல விளக்கு திரும்பியது.

“திருமதி நறுமுகை,” என்றது வாசல். “இப்போது உறுதியான குடியிருப்பாளர் நீங்கள் ஒருவரே. வெளியே பதினொரு அயலார். நீங்கள் விரும்பினால் ஒவ்வொருவராக உறவுச் சான்று தரலாம். ஒரு சான்று தவறானாலும் உங்கள் அடையாளம் நீக்கப்படும். முதலாமவர், எழிலன் என்று சொல்லிக்கொள்பவர். இவர் உங்கள் கணவர்தானா?”

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

“அம்மா.” இதழினி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். தணிந்த குரலில், பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். “அவசரப்படாதம்மா. அப்பா குரல் அப்படி இருக்காது. நல்லாப் பாத்துட்டுச் சொல்லு. தப்பாச் சொன்னா உன்னைக் கூட்டிட்டுப் போயிருவாங்க.”

நறுமுகை தலையைத் தூக்கிக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். வேர்வையில் நனைந்து, வெளிறி, உதடு கோணி நின்ற அந்த ஆளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். ஒரு விநாடிதான். அதற்கு மேல் இல்லை.

கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்த எழிலனின் கை நின்றுவிட்டது. அந்தப் பார்வையை அவன் பார்த்துவிட்டான்.